வளையல் ஏறாத கை

ஜூன் 6, வெள்ளி
விளக்கேற்றிவிட்டு எழுதுகிறேன். நேற்று என் பெண் இலக்கியாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டு வளையலைப் போடப்போனால் கையை இறுக மூடிக்கொண்டாள். "வெக்கத்தப் பாரு" என்று சம்பந்தியம்மா தையல்நாயகி சிரித்தார். நான்தான் சோப்பு தடவி, விரல் விரலாகப் பிரித்து ஏற்றிவிட்டேன். அம்மன் புண்ணியம், நல்லபடியாக முடிந்தது.

ஜூன் 8
அவளுடைய காலேஜ் மேடம் வைஜெயந்தி போன் செய்தார். "கல்யாணத்துக்கு இலக்கியா ரொம்ப ரெலக்டன்ட்டா இருக்காம்மா." ஏதோ பாராட்டுகிறார் என்று, "எல்லாம் உங்க ஆசீர்வாதம் மேடம்" என்றேன். அந்த வார்த்தையையே இன்னொரு தரம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஜூன் 9
டிக்ஷனரி பார்த்தேன். ரெலக்டன்ட் என்றால் தயக்கம். இவ்வளவுதானா? தயங்காத பெண் உண்டா? நானும் தயங்கித்தான் வந்தேன்.

ஜூன் 10
வீட்டுக்காரர் உப்பளத்துக்குப் போனதும் டிக்ஷனரியை மறுபடி எடுத்தேன். கீழே பொடி எழுத்தில் அந்தச் சொல் பிறந்த விதம் போட்டிருக்கிறது. லத்தீனாம். 'லுக்தாரி' என்றால் மல்லுக்கட்டுவது. முன்னால் ஒரு 'ரெ' — எதிர்த்து.

எதிர்த்து மல்லுக்கட்டுவது.

அப்போ அந்த மூடின கை? வெட்கமில்லை. அத்தனை பேர் எதிரில் என் பெண் சத்தமில்லாமல் என்னோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். நான் சிரிச்சிக்கிட்டே ஜெயிச்சிருக்கேன். தாயே, என்ன பண்ணிட்டேன்?

ஜூன் 11
கேட்டேன். "இப்பதான் கேக்கத் தோணிச்சா?" என்றாள். வளையலைத் திருகிக்கொண்டே, "எனக்கு வேணாம்மா. அன்னிக்கே கையால சொன்னேனே."

அவரிடம் சொன்னேன். "ஊரெல்லாம் சொல்லியாச்சு. ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்காக நிறுத்துவியா?"

"வார்த்தைக்காக இல்லீங்க. அந்தக் கைக்காக."

ஜூன் 12
சாப்பிடும்போது அவளை நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவா?" தலையாட்டினாள். பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார்.

ஜூன் 13, வெள்ளி
தையல்நாயகி போனில், "தயக்கம்தானே, போகப் போகச் சரியாயிடும்" என்றார். "தயக்கம் இல்லீங்க, அவளுக்கு இஷ்டமில்ல. மன்னிச்சிக்குங்க" என்றேன். வைத்துவிட்டார்.

இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, நிச்சயப் புடவையும் தட்டுமாக வாசலில் நின்றார். பொம்மையார்பாளையத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வளையலையும் கழற்ற வேண்டுமே என்று சோப்போடு போனேன். இலக்கியா கையை நீட்டினாள். சோப்பு தேவைப்படவில்லை.