துளையில்லாத பெட்டி

தை 4, வியாழன். பெரியகுளம்.
விடியலில் பனி, பிறகு நல்ல வெயில். மாந்தோப்புக்குப் பின்னால் இருந்து பலூன்கள் ஏற்றியாயிற்று. கடைசி மூன்று. உலக யுத்தம் முடியும்வரை இனி ரப்பர் பலூன் கப்பலேறி வராதாம்.

உயரம் போகப் போக வானத்து மின்துகள்கள் எவ்வளவு கூடுகின்றன என்பது, மூன்றிலும் சேர்த்துக் கட்டிய பெட்டிக்குள் பிலிமில் பதியும். வெளிச்சம் பட்டால் போச்சு. கறுப்புத்தாளை நானே ஒட்டினேன். ஊசிமுனை இடமில்லை. மேலே விலாசம், ‘திறக்காதீர்கள்’. பேராசிரியர் ஐயா பங்குனியில் ஓய்வு. அவருடைய இத்தனை வருஷத்துக் கணக்கும் இந்த ஒரு பிலிமை நம்பி.

தை 5
பலூன் தென்மேற்கே போனது. சேதி இல்லை. சாப்பாடு இறங்கவில்லை.

தை 9
உத்தமபாளையம் வரை தண்டோரா. ஒன்றுமில்லை. கையைப் பிசைவதைத் தவிர வேறு வேலை இல்லை. சவரம்கூடச் செய்யவில்லை.

தை 12, வெள்ளி
கிடைத்துவிட்டது! சுருளிப்பட்டி. சின்னையா என்ற சம்சாரியின் சோளக்காட்டில். பஸ்ஸில் ஓடினேன்.

பெட்டி கூரைக்கடியில், துணி விரித்து, பத்திரமாக. நாலு பக்கமும் வரிசையாகத் துளைகள்.

“தெறக்காதீகன்னு எழுதியிருந்துச்சுங்கய்யா. தெறக்கவே இல்ல” என்றார் சின்னையா.

அவர் சம்சாரம் வீராயி: “உள்ள டிக்கு டிக்குனு உசுரு துடிச்சுச்சு. மலையிலருந்து கிளி கொண்டாரவுக பொட்டியில ஓட்ட போட்டுத்தான் கொண்டாருவாக. இதுல ஒண்ணுகூட இல்ல. மூச்சு முட்டுமேன்னு கோணி ஊசியால நாந்தான் குத்துனேன். திங்கட்டும்னு ரெண்டு கம்பு மணியும் போட்டேன். மறுநா சத்தம் நின்னுருச்சு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

துடித்தது, பிலிமை நகர்த்தும் கடிகாரம். கோபம் வந்திருந்தால் தேவலை. மோர் கொடுத்தாள், குடித்தேன்.

தை 13
பிலிம் கழுவினேன். ஒரே கறுப்பு, முனைக்கு முனை. பெட்டியைக் கவிழ்த்தால் கம்பு உதிர்கிறது. அழுகை வந்தது, அழுதேன்.

தை 15, திங்கள்
மேகமூட்டம். ஐயாவிடமிருந்து தந்தி: பிலிம் எப்படி?

மத்தியானம் கம்பம் பஸ் டிரைவர் தேடி வந்தார். “சுருளிப்பட்டி ஆத்தா கேக்கச் சொன்னாக. உள்ள இருந்தது பொழச்சுச்சா?”

பிழைத்துவிட்டது என்று சொல்லச் சொன்னேன்.

தந்திக்கு இன்னும் பதில் எழுதவில்லை.