அக்கா ஊரை அடக்கிய கதை

சங்கரன்கோவில்,
12.9.1978

அன்புள்ள மருமகனுக்கு,

ஈரேழு பதினாலு உலகத்திலும் எவனும் நம்பாத கதை ஒன்றைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து சொல்கிறேன், கேள்.

வானத்தில் புதிதாக ஏதோ வெடித்து ரேடியோ அலை வீசுகிறது, சில நாளில் மங்கிவிடும், அது முடிந்ததும் அம்மாவைப் பார்க்க வருகிறேன் என்று ஊட்டி ரேடியோ தொலைநோக்கி நிலையத்திலிருந்து எழுதியிருந்தாய். பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடினாலும் அந்த இரைச்சலில் அலை அமுங்கிப்போகும் என்றும் எழுதியிருந்தாய். நான் வாசித்துக் காட்டியதுதான் தாமதம், நோயில் படுத்திருந்த உன் அம்மா, என் அக்கா, ஊரையே அடக்கிவிட்டாள்.

விசைத்தறி ஆயிரமும் நின்றன. வாசுதேவநல்லூர் பஸ்ஸை இன்ஜினை அணைத்துவிட்டுப் பயணிகளே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கோயில் யானை நுனிக்காலில் நடந்தது!

அவளுக்கு மூச்சு இழுத்தபோது, "தந்தி அடிச்சு அவன வரச் சொல்லுதேன்க்கா" என்றேன்.

"ஏலே கோட்டிக்காரா! தந்தி கம்பியிலல்லா ஓடுது? பிள்ள காதுல போய் இரையாதா? அவன் பாக்கது மங்குத வரைக்கும் சும்மா கெட. பொறவு ஒரு கடுதாசி போடு, போதும்."

"கடுதாசி போய்ச் சேர நாளாகும்க்கா."

"ஆகட்டும். அது சத்தமில்லாமப் போவும்லா."

தறி, பஸ், யானை எல்லாம் என் புளுகு, மக்கா. அவள் தந்தியை மறித்த அந்தச் சின்னத் துண்டு மட்டும் மெய். ஆகவே, நேற்று அவளை எடுத்துவிட்டோம், உன் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான் என்பதை நீ இந்தக் கடிதத்தில்தான் அறிகிறாய்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்