நாற்பத்தொன்றாம் பக்கத்துப் பெண்

பிப்ரவரி 3
காலையிலேயே புழுதிக் காற்று. கடை வாசல் சாக்குகளை மூடியாயிற்று.

டெஹ்ரான் பதிப்பாளரிடமிருந்து மெயில். செல்வத்தின் தமிழ் நாவலுக்கு ஈரான் அரசின் அச்சு அனுமதி இல்லை. பக்கம் 41, நான்கு வரி. வளைகுடாவுக்குக் கிளம்புகிறவனின் கன்னத்தை, பஸ் ஸ்டாண்டில், அவனுக்கு மனைவி அல்லாத ஒரு பெண் தொடுகிறாள். அதை எடுத்தால் அனுமதியாம்.

இரண்டு வருடம் நான் உட்கார்ந்து பாரசீகத்தில் மொழிபெயர்த்தது.

பிப்ரவரி 4
அபுதாபி பக்கம் ருவைஸுக்குப் போன். செல்வம் ரிஃபைனரி டியூட்டி முடிந்து கேம்ப் பஸ்ஸில்.

"அந்த நாலு வரிக்காகத்தான் பாய் மிச்சத்தையே எழுதுனேன். அது போனா புக்கே வேணாம்."

சரி என்றேன்.

வாங்க வேண்டியது: சணல் கயிறு, தலைவலி மாத்திரை.

பிப்ரவரி 7
ஃபரீதே மேடம் ஏலக்காய் வாங்க வந்தார். ஈரானியப் பள்ளி ஆசிரியை, என் பாரசீகத்தைத் திருத்துபவர். திட்டுபவர் என்றாலும் சரிதான். அவர் பார்க்காமல் விட்டுப்போன 41ஐ அப்போதுதான் காட்டினேன். படித்துவிட்டு ஒரே சிரிப்பு.

"வரிக்கு வரி எதுக்கு 'அந்தப் பெண்', 'அந்தப் பெண்'? எங்க ஆளுங்க இப்படி எழுத மாட்டாங்க."

தமிழில் 'தொட்டாள்' என்றாலே பெண் என்று தெரிந்துவிடும், அது விட்டுப்போகக் கூடாதே என்று சேர்த்தேன் என்றேன்.

"எங்களுக்கு அவனும் அவளும் ஒரே சொல்தான். 'ஊ'. அதைப் போடுங்க, போதும்."

துபாய் தேராவில் ஈரானிய வியாபாரிகளோடு இருபது வருடமாகப் பேசுகிற மொழி. மரமண்டை எனக்கு.

அந்த பஸ் ஸ்டாண்டில் அவன் அம்மாவும் நிற்கிறாள், தம்பியும் நிற்கிறான். 'ஊ' கன்னத்தைத் தொட்டால் யார் கை என்று அதிகாரிகள் யோசித்துக்கொள்ளட்டும். "அந்தப் பெண்" நான்கையும் அடித்தேன். செல்வம் எழுதிய வரிகள் நான்கும் அப்படியே. மறுபடி அனுப்பியாயிற்று.

மார்ச் 30
அனுமதி வந்துவிட்டது. வெட்டு மாஃபி, ஒன்றுமே இல்லை. பக்கத்துக் கடைகள் வரைக்கும் கரக் டீ வாங்கிக் கொடுத்தேன். கர்வமாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

செல்வத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் கேட்டது: "பாய், அது அவதான்னு படிக்கிறவங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று சொல்லிவிட்டேன். உள்ளுக்குள் உதைப்புதான்.

ஜூன் 9
பிசுபிசுவென்று புழுக்கம். சட்டை பத்து மணிக்கே நனைந்துவிட்டது.

ஃபரீதே மேடம் கடைக்கே வந்துவிட்டார், கையில் போன். ஷிராஸில் அவர் அக்கா புத்தகத்தில் பாதி தாண்டியிருக்கிறாராம். பொறுக்க முடியாமல் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்:

"பஸ் ஸ்டாண்டுல கன்னத்தைத் தொட்டாளே, அந்தப் பொண்ணை அவன் திரும்பி வந்து கட்டிக்கிறானா?"

41ஆம் பக்கத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். பெண் என்ற சொல்லே இல்லை.