கரவன் பற்றறி சார்ஜில் இருக்கிறது

இஞ்சேருங்கோ,

நான் ஷிப்டுக்குப் போகிறேன். புட்டும் முட்டைப் பொரியலும் குசினியில் மைக்ரோவேவுக்குள் இருக்கின்றன. நேற்றைப் போலக் குப்பைக்குள் கொட்டாமல் சாப்பிடுங்கோ.

பிள்ளையின் கரவன் வண்டியிலிருந்து கழற்றிய பற்றறியை என் கையில் கண்டவுடனே, "பிள்ளை செத்து ஆட்டைத் திவசம்கூட முடியேல்லை, அதுக்குள்ள அவன்ரை கரவனை விக்கப் போறியோ?" என்று கத்தினீர்கள். விற்கப் போகிறவள் பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றுவாளா?

நீங்கள் பின்னேரங்களில் வாசலில் நிற்கிற அந்தக் கரவனுக்குள் லைற்றைப் போட்டுக்கொண்டு தனியே இருக்கிறீர்கள். இந்தக் குளிரில் சார்ஜ் முழுக்க இறங்கினால் பற்றறி பழுதாகிவிடும். மாரிக் குளிர்காலத்தில் அதைக் கழற்றி, மாதத்துக்கு ஒருக்கால் சார்ஜ் ஏற்றவேண்டும் என்று பிள்ளைதான் எனக்குக் காட்டித் தந்தவன்.

குசினியில் அவன் படத்துக்குக் கீழே இருக்கிற பிளக்கில் போட்டிருக்கிறேன். சார்ஜ் ஏறும்போது அதிலிருந்து வாயு வரும். நெருப்புப் பட்டால் வெடிக்கும். யன்னலைச் சாத்தாதேங்கோ. படத்துக்கு விளக்கும் கொளுத்தாதேங்கோ. இன்றைக்கு ஒருநாள் விளக்கில்லாவிட்டால் அவன் கோபிக்கமாட்டான்.

வேலை முடிய வெம்பிளித் தமிழ்க் கடைக்குப் போய் முதலாண்டுத் திவசத்துக்குச் சாமான் வாங்கிக்கொண்டு வருவேன்.

வதனி

பற்றறியைத் திரும்பக் கரவனில் பூட்டும்போது முதலில் சிவப்பு வயர், பிறகுதான் கறுப்பு. அவசரப்படாதேங்கோ, நான் வந்து பிடிக்கிறேன்.

பூட்டி லைற்றைப் போட்டதும் என்னையும் உள்ளே கூப்பிடுங்கோ. இவ்வளவு நாளும் முன்னறைத் திரைக்குப் பின்னால் நின்று அந்த வெளிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.