சுண்ணாம்பு மலையில் ஒரு மச்சான்

தூத்துக்குடி,
22 ஆகஸ்டு 1945

அன்பும் மரியாதையுமுள்ள அத்தானுக்கு,

அல்போன்சா எழுதுவது. மாதா கிருபையால் மாமியும் நானும் சுகம். இத்தாலியில் உங்கள் சுகத்துக்காகக் கோயிலில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சண்டை முடிந்ததென்று மணி அடித்தார்கள். மாமி அன்றைக்கே உங்கள் சட்டைகளை எடுத்து வெயிலில் காயப் போட்டுவிட்டார்கள். நீங்களோ பம்பாய்த் துறைமுகத்தில் வேலைக்குச் சேரட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊருக்கு வந்து சங்கு குளித்தால் வள்ளத்திலிருந்து உங்கள் கயிற்றைப் பிடிக்க எங்கள் இனிகோ அண்ணன் வரமாட்டார், வேறு ஆளை நம்பி நீங்கள் முங்கமாட்டீர்கள். இதுதானே காரணம்? பதில் சொல்கிறேன், பொறுங்கள். முதலில் நீங்கள் லீவில் ஏறிய மலைக்கு வருகிறேன்.

தேசியப் பூங்கா என்று நீங்கள் எழுதியதும் ரோஜாச்செடியும் உட்காரப் பெஞ்சும் இருக்கும் என்று நினைத்தேன். கடிதம் முழுக்கத் தேடியும் ஒரு பூவைக் காணோம். கரடி, ஓநாய், செங்குத்துப் பாறை. மரம் வெட்டாமல், மிருகத்தைச் சுடாமல் காவல் போட்ட காடு என்று பிறகுதான் புரிந்தது. மலை மொத்தமும் சுண்ணாம்புக்கல் என்று படித்ததும் மாமி, "அப்ப வெத்தல பாக்கு மட்டும் கொண்டு போனாப் போதும்லா" என்றார்கள். உச்சிப் பாறையில் சிப்பி பதிந்திருந்ததை மட்டும் அவர்கள் நம்பவில்லை. கடலில் கிடக்கிறது மலைமேல் எப்படி ஏறும், என் மகன் பட்டாளத்தில் புளுகப் படித்துவிட்டான் என்கிறார்கள்.

லீவு கொடுத்தால் மனிதர்கள் படுத்துத் தூங்குவார்கள். கால் வைக்க இடமில்லாத பாதையில் உங்களை யார் ஏறச் சொன்னது?

அந்த இடத்தை நான் சத்தமாகப் படித்தபோது இனிகோ அண்ணன் வாசலில் நின்றார். மாமிக்கு மீன் கொடுக்க வந்தவர். நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பட்டாளத்துக்குப் போனதிலிருந்து உங்கள் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவர் அன்றைக்குப் போகவில்லை. வழிகாட்ட வந்த ஆட்டுக்காரன் கயிற்றை வீசி இடுப்பில் கட்டச் சொன்னதையும், நீங்கள் கட்டமாட்டேன் என்று பாறையிலேயே உட்கார்ந்துவிட்டதையும் படித்தேன்.

"பெறவு எப்பிடி எறங்குனான்?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் உங்களைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான் அத்தான்.

மேலே படித்தேன். குளிக்கிறவன் கயிறு அவன் பெண்சாதியின் உடன்பிறந்தவன் கையில்தான் இருக்கவேண்டும், தங்கச்சி தாலியறுக்கக் கூடாதென்று அவன்தான் கண்ணை எடுக்காமல் பிடிப்பான் என்று நீங்கள் ஆட்டுக்காரனுக்கு விளக்கினீர்களாம். அவன் சிரித்துவிட்டு, எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள், இன்றைக்கு மட்டும் என்னை மச்சானாக வைத்துக்கொள் என்றானாம். அதற்குப் பிறகுதான் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினீர்களாம். அந்தத் தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. மறுகடிதத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

அண்ணனுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே. "அவன் யாருளா எம் மச்சான் கயித்தப் பிடிக்க?" என்று மீனைத் தொப்பென்று தரையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மாமி சிரித்த சிரிப்பில் மூக்குப்பொடி டப்பா கவிழ்ந்தது.

நேற்று வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஜேசுதாசன் வீட்டில் விசாரித்தேன். ஐப்பசிக்குப் பிறகு சங்குக்குளிக்கு வள்ளம் போகிறது. அதில் குளிக்கப் போகிற பிச்சையாவுக்குக் கயிறு பிடிக்க அண்ணனைக் கேட்டாராம். அண்ணனோ, தன் ஆள் இத்தாலியிலிருந்து வந்துகொண்டிருக்கிறான், தனக்குத் தோதுப்படாது என்று சொல்லிவிட்டாராம். நீங்கள் பம்பாய் என்று எழுதியதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு மனமில்லை.

இன்று நான் எழுத உட்கார்ந்ததும் அவரே வந்தார். தானும் ஒரு வரி சொல்வதாகவும் எழுதிக்கொள்ளும்படியும் சொன்னார். பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். தொண்டையைக் கனைத்தார், மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார், எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். கடைசியில், "வரச் சொல்லுளா" என்றார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாதா உங்களைக் கப்பலிலும் கரையிலும் காப்பாளாக. அண்ணன் சொன்னதையேதான் நானும் சொல்கிறேன். வாருங்கள் அத்தான்.

உங்கள்
அல்போன்சா