நம் கிளப்பை யாரோ வாங்கப் போகிறார்களாம், அண்ணே

என் உயிரான ஜெபராஜ் அண்ணனுக்கு,

நீ போன பிறகு உனக்குச் சொல்ல இதைவிட நல்ல சேதி கிடைத்திருக்கலாம். கிடைக்கவில்லை. அண்ணி நன்றாக இருக்கிறார்கள். மறுபடி பள்ளிக்கூட வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் உன்னைப் பற்றித் தெலுங்கில் பேசிக்கொள்கிறார்கள், நான் அறைக்குள் வந்தால் நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வீட்டைப் பற்றியல்ல. தலை நரைக்கும்வரை நீ கோல்கீப்பராக நின்றாயே, அந்தக் கால்பந்து கிளப்பைப் பற்றி. இதை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அந்த நாலு பேரில் நம் கிளப் செயலாளர் கணேசன் சாரும் இருந்தால் ரொம்ப சந்தோஷம்.

உன் நினைவுத் திருப்பலி அன்றைக்கே இது தொடங்கிவிட்டது. பூசை முடிந்து கோயில் வாசலில் எல்லாருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். நம் ஆட்டத்துக்கெல்லாம் மேளம் அடிப்பாரே பாஷா பாய், அவரும் வந்திருந்தார். கடைசி பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மனிதர், டீயைக் கையில் வாங்கியதும் வழக்கம்போல் உருதுவில் என்னைத் தங்கை என்று கூப்பிட்டுக் கேட்டது என்ன தெரியுமா?

"ஸ்டெல்லா பஹன், விஷயம் தெரியுமா? ஒரு பெரிய கார் வந்து நம்ம கிரவுண்டைச் சுத்திப் பார்த்துட்டுப் போச்சு. நம்ம கிளப்பை யாரோ வாங்கப் போறாங்க. ஹவ், ஆமா, பக்கா!"

அவ்வளவுதான். உனக்காக வந்த கூட்டம் உன்னை மறந்துவிட்டது. மாதாப்பூர் சாப்ட்வேர் முதலாளி என்றார் ஒருவர். இல்லை, அமெரிக்காவில் சம்பாதித்துத் திரும்பியவர் என்றார் இன்னொருவர். துபாய் ஷேக் என்றுகூட ஒரு குரல் கேட்டது. ராத்திரி ஆட வெளிச்சம் வரும், பிரேசிலிலிருந்து கோச் வருவார், கேலரிக்குக் கூரை வரும். உன் படத்துக்குப் போட்ட மாலை வாடவில்லை, அதற்குள் யாருக்கு இலவச பாஸ் கிடைக்கும் என்று சண்டை. டீத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஆசைப்படுவது தப்பா என்று நீ கேட்பாய். தப்பில்லை அண்ணே. ஊரே விலை பேசிக்கொண்டிருக்கும் காலம் இது. புதர் மண்டிக் கிடந்த நிலத்தில் எல்லாம் கண்ணாடிக் கட்டடம் முளைக்கிறது. அதில் ஒன்றில்தான் நானும் வேலை பார்க்கிறேன். நம்மையும் ஒருவன் வாங்க மாட்டானா என்று கிளப் ஆட்கள் ஏங்கியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அந்த ஏக்கத்துக்காக அவர்கள் செய்ததைத்தான் சகிக்க முடியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கணேசன் சார் வீட்டுக்கு வந்தார். அந்தக் காரின் சொந்தக்காரர் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறாராம். கிளப் வாசலில் வைக்க உன் படம் ஒன்று வேண்டுமாம், "நமக்கும் ஒரு ஹிஸ்டரி இருக்குன்னு அவருக்குத் தெரியணும்ல?" என்றார். எடுத்துத் தரலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் பேச்சுவாக்கில் அதைச் சொன்னார்.

"யாதகிரியையும் அந்த மார்க்கெட் பசங்க ரெண்டு பேரையும் அன்னிக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன்மா."

யாதகிரி! உன் வலது பக்கத்துச் சிறகு என்று சொல்வாயே, அவன். போவன்பள்ளி மார்க்கெட்டில் விடியற்காலையில் மூட்டை இறக்கிவிட்டு, அந்த உடம்போடு வந்து முழு ஆட்டமும் ஓடுகிறவன். உன் பெட்டியைக் கல்லறைவரை தோளை மாற்றாமல் சுமந்தவன்.

"ஏன் சார்?" என்றேன்.

"அவன் நல்லா ஆடறான், யாரு இல்லேன்னா? ஆனா வர்றவங்க கார்ப்பரேட் ஆளுங்க. டீம் பார்க்க டீசன்ட்டா இருக்க வேண்டாமா? வெங்காய வாசனை அடிக்கிற டீமை யாரும்மா வாங்குவா? நீயே ஐ.டி.ல இருக்கற பொண்ணு, உனக்கு நான் சொல்லணுமா?"

"யாதகிரி ஆடாத கிரவுண்டுல எங்க அண்ணன் படம் நிக்க வேண்டாம் சார்."

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "நீ இன்னும் துக்கத்துல இருக்கம்மா" என்று சொல்லிவிட்டு, அண்ணி கொடுத்த காபியை முழுசாகக் குடித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். என்னதான் நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. கோல் கம்பங்களுக்குப் புதுப் பச்சை வர்ணம் அடித்திருந்தார்கள். அந்த மனிதரின் கம்பெனி நிறம் பச்சையாம், யாரோ கண்டுபிடித்துச் சொன்னார்களாம். சலவைச் சட்டை போட்ட பையன்கள் வரிசையாக நின்றார்கள், அதில் பாதிப் பேர் உதைக்கத் தெரியாதவர்கள். பாஷா பாய் மேளத்தைப் பிளந்துகொண்டிருந்தார்.

கார் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மகளோடு இறங்கினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். கழுத்தில் விழுந்த மாலையைப் பார்த்து அவருக்கே கூச்சம். வரிசையில் நின்ற ஆட்டக்காரர்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இங்கே எத்தனை கார் நிறுத்தலாம் என்று கணேசன் சாரிடம் கேட்டார். மேடையை மேற்குப் பார்த்துப் போட்டால் சாயங்கால வெயில் முகத்தில் அடிக்குமோ என்று கேட்டார்.

"கேலரி கட்டிட்டா நிழல் வந்துடும் சார்" என்றார் கணேசன் சார், இங்கிலீஷில்.

அந்த மனிதர் குழம்பிப்போனார். "கேலரியா? ரிசெப்ஷன் ஒரு நாள்தானே?"

மகளின் கல்யாண வரவேற்புக்கு இடம் தேடி வந்திருக்கிறார் அண்ணே. கிளப் என்று ஒன்று இருப்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அதோடு வெட்கப்பட்டுக் கலைந்திருப்பார்கள் என்று நினைக்கிறாயா? மைதானத்தைக் கல்யாணத்துக்குக் கொடுத்தார்கள். அந்த வார ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்கள். "பொண்ணு கல்யாணம் நல்லா நடந்தா மனசு குளிர்ந்துடும் பஹன். அப்புறம் கிளப்பை வாங்காம எங்க போவான்?" என்றார் பாஷா பாய், கண்ணில் அவ்வளவு நம்பிக்கையோடு.

கல்யாணம் முடிந்த மறுநாள் போய்ப் பார்த்தேன். நீ நிற்கும் இடத்தில் பந்தல் கால் நட்ட குழிகள். எச்சில் தட்டுகளை நாய்கள் இழுத்துக்கொண்டிருந்தன. படியில் நம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழியை மூட ஒருவரும் எழவில்லை. பந்தல் காண்ட்ராக்டருக்குக் கிளப் மேல் ஒரு கண் இருக்கிறதாம், அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சீ! நீங்கள்லாம் மனுஷங்களா?" என்று கத்திவிட்டேன். "வாங்க வர்றவன் வாங்கட்டும், வராம போகட்டும். ஓடி ஓடி ஆடினவனை வெங்காயம்னு சொல்லி வெளிய தள்ளினீங்களே, அவனைப் போய்க் கூப்பிட்டீங்களா?"

ஒருவர் செருப்பைப் பார்த்தார், ஒருவர் செல்போனைப் பார்த்தார்.

அங்கிருந்து நேராக போவன்பள்ளிக்குப் போனேன். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே யாதகிரி நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, நான் தார்நாகா டீமுக்குப் போயிட்டேன். கோபமா?" என்றான் தனக்குத் தெரிந்த தமிழில். கொஞ்சம் நின்று, "அன்னா உண்டே ஏமனுகுனேவாடு?" என்றான். அண்ணன் இருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று.

எனக்குத் தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. நீ என்ன நினைத்திருப்பாய்?

போன வாரம் தார்நாகா டீம் நம் மைதானத்துக்கு ஆட வந்தது. நான் எதிர்ப்பக்கம் போய் அவர்களோடு உட்கார்ந்தேன். சிறு வயதில் உன் ஆட்டம் பார்க்க வந்த நாளிலிருந்து நம் படியை விட்டு வேறு படியில் நான் உட்கார்ந்ததில்லை. பிற்பாதியில் வலது ஓரமாகப் பந்தோடு வந்தான் யாதகிரி. இரண்டு சலவைச் சட்டைகளைத் தாண்டினான். சரியாக மூடாத ஒரு குழியை எட்டித் தாவினான். உதைத்தான். வலை அசைந்தது.

அவன் கொண்டாடவில்லை. இடுப்பில் கைவைத்து, நீ நின்ற நம் கோல் வாயைப் பார்த்தபடி நின்றான்.

நான் எழுந்து கைதட்டினேன் அண்ணே. நம் கிளப்புக்கு எதிராக விழுந்த கோலுக்கு. எதிர்ப்படியில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். "ஜெபராஜ் தங்கச்சியே இப்படிப் பண்றாளே" என்று யாரோ சொன்னது இந்தப் பக்கம்வரை கேட்டது. எனக்கு அழுகை வந்தது, ஆனால் கையை நிறுத்தவில்லை.

கணேசன் சார் போவன்பள்ளிக்குப் போய், அந்தப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, திரும்பி வா என்று அவனைக் கூப்பிடட்டும். அன்றைக்கு நான் நம் படிக்கு வருவேன். அதுவரை யாதகிரி எந்தச் சட்டை போட்டு ஆடுகிறானோ, அந்தப் பக்கம்தான் என் இடம். நம் கிளப் தோற்றாலும் சரி. இது உன் மேல் ஆணை.

உன்னோடு பிறந்து, உன் ஆட்டம் பார்த்தே வளர்ந்த தங்கச்சி,
ஸ்டெல்லா
சைனிக்புரி