பாட்டைக் கேட்டுவிட்டு யாருக்கு ஃபோன் போடுவீர்கள்?

மார்ச் 4, செவ்வாய்

ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்! என் ஆராய்ச்சிக்காகப் பரோயே தீவுப் பாட்டு ஒன்றைக் கேட்டுச் சொல்ல, இத்தாலியில் இந்தப் பலெர்மோவில் தமிழர்களை எங்கே தேடுவது என்று ஒரு மாதமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். குகனேஸ்வரி அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஞாயிற்றுக்கிழமை பகேரியாவிலை எங்கடை ஆக்கள் கூடுறவை. நான் கூட்டிக்கொண்டு போறன், நீ பாட்டைக் கொண்டு வா."

கோவில்பட்டிக்காரிக்கு யாழ்ப்பாணத்து வீட்டுக்காரி அமைந்தது என் அதிர்ஷ்டம். இவர் வீட்டில் ஓர் அறையில் குடியிருக்கிறேன், ஆனால் இதுவரை ஒரு வேளைகூடத் தனியாகச் சமைத்ததில்லை.

பரோயே எங்கே இருக்கிறது என்று அவர் கணவர் மகேந்திரராசா அண்ணன் கேட்டார். நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவில், ஆட்களைவிட ஆடுகள் அதிகம் என்றேன். "அப்ப கறிக்குப் பஞ்சமில்லை" என்றார். ஆராய்ச்சி நன்றாகத் தொடங்கிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

பலெர்மோவை அடுத்த பகேரியா. எல்லோரும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சமர்த்தாகக் கேட்டார்கள். வாத்தியமே இல்லாத பாட்டு. ஊரே கைகோத்து வட்டமாக நின்று, காலால் தரையை உதைத்தபடி பாடுகிறது. பாஷை தெரியாவிட்டாலும், மண்ணை விட்டு வந்தவர்களுக்கு அதில் ஏக்கம் கேட்கும் என்பதுதான் என் கணிப்பு. மகிழ்ச்சி, துக்கம், கோபம், ஊர் ஏக்கம் என்று கட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் பத்துக்குள் எண் போட வேண்டும். இடியப்பம், சொதி, கை நிறையத் தாள்கள். ரயிலில் திரும்பும்போது பாடிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

எல்லாத் தாளிலும் பத்து. மகிழ்ச்சி பத்து, துக்கம் பத்து, கோபம் பத்து! ஒரே பாட்டைக் கேட்டு ஒரே மனிதர் குதித்து, அழுது, பல்லைக் கடித்திருக்கிறார். பேராசிரியர் எமிலியானா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: மாத முடிவுக்குள் நம்பும்படி பதில்கள் வராவிட்டால் உன் உதவித்தொகையை நீட்டிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இருக்காது. அதாவது மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டேன். அவர் சந்தோஷமாகச் சொன்னார், "ஓம், எல்லாத்துக்கும் பத்துப் போடச் சொல்லி ஆக்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனனான். பிள்ளை பாஸ் பண்ண வேணுமெல்லே?"

ஐயோ! இது எனக்குப் போடுற மார்க் இல்லக்கா, எல்லாத்தையும் கெடுத்துட்டீங்களேன்னு கத்திட்டேன். கத்தியே விட்டேன்.

"நல்லதுக்குத்தானே செய்தனாங்கள்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

அக்கா பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் மூடி இருந்தது — கோபத்திலும் முட்டைப் பொரியல்.

மார்ச் 13, வியாழன்

மன்னிப்புக் கேட்கலாம் என்று சமையலறைக்குப் போனேன். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாரிஸில் இருக்கும் தங்கை றம்யாவோடு ஃபோனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசினால் மாடி முழுக்கக் கேட்கும். அந்தப் பாட்டைப் பற்றித்தான் பேச்சு.

"ஒருத்தரும் தனியப் பாடேல்லையடி. ஒராள் மூச்சு வாங்கினா பக்கத்திலை நிக்கிறவர் பிடிச்சுக்கொண்டு போறார். குட்டித் தீவு, எல்லாரும் அங்கையே நிக்கிறாங்கள். நாங்கள் நாலு சகோதரமும் நாலு நாட்டிலை. எனக்கு எரிச்சலா வந்தது, தெரியுமோ!"

"பாட்டுக்காரரோடையும் எரிச்சலோடி உனக்கு?" என்று றம்யா சிரிக்க, அக்காவும் சிரித்தார்.

பொறாமை! அப்படி ஒரு கட்டமே என் தாளில் இல்லை.

உள்ளே போய் முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உனக்கு எப்பிடிச் சொல்லுறது? நீ வந்த பிள்ளை. உன்ரை பாட்டு எரிச்சலாக் கிடக்குதெண்டு முகத்துக்கு நேரை சொல்லுறதோ? அதுகள் சகோதரத்தோடை கதைக்கிற கதை."

பரோயே பிள்ளைகளும் படிக்க டென்மார்க் போய்விடுகிறார்கள் என்றேன். "அப்ப சரி" என்றார், மனம் ஆறியவராக.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். தாள் எதற்கு? பாட்டைக் கேளுங்கள், பிறகு மனதுக்குப் பிடித்த யாருக்காவது ஃபோன் போட்டு அதைப் பற்றிப் பேசுங்கள். அந்தப் பேச்சை, இரண்டு பக்கமும் சம்மதித்தால், நான் பதிவு செய்கிறேன். போதாதா?

மார்ச் 16, ஞாயிறு

போதும், போதும்! பகேரியாவில் இன்று ஒரே கூச்சல்.

மகேந்திரராசா அண்ணன் லண்டன் நண்பருக்குப் போட்டார்: "மச்சான், மழைக்குள்ளை நிண்டு பாடுறாங்கள் போலை, எனக்குக் குளிருது. சுடச்சுட ஒரு பிளேன்ரீ குடிச்சா நல்லம்." ஒரு பெண்மணி டொரோண்டோவிலிருக்கும் மகளிடம், காலை உதைக்கும் இடம் வந்ததும் தன் காலும் ஆடியதாகச் சொல்லி வெட்கப்பட்டார். அன்ரனி என்பவர் ஆஸ்லோவில் இருக்கும் தம்பியோடு பேசத் தொடங்கி, பாட்டை மறந்து பழைய சண்டை ஒன்றைத் தீர்த்துக்கொண்டார். அதையும் பதிவு செய்திருக்கிறேன்.

ஊருக்குப் போட்டவர்கள் மிகக் குறைவு. "அங்கை இப்ப ஆர் இருக்கினம்?" என்று அன்ரனி சாதாரணமாகத்தான் கேட்டார். நான் குறித்து வைத்த ஃபோன் எண்களைப் புரட்டினேன்: லண்டன், டொரோண்டோ, ஆஸ்லோ. அவர்களுக்கு ஊர் என்பது அந்த எண்கள்தான்.

மார்ச் 23, ஞாயிறு

எமிலியானா எல்லாப் பதிவையும் கேட்டுவிட்டார், பக்கத்தில் உட்கார்ந்து நான் மொழிபெயர்த்தேன். பிறகு தானும் பாட்டைக் கேட்டு, மிலானில் இருக்கும் மகனுக்குப் போட்டு, பாட்டைப் பற்றி ஒரு வரி பேசிவிட்டு, போன ஈஸ்டருக்கு ஏன் வரவில்லை என்று கிழித்து எடுத்தார். பலெர்மோவைத் தாண்டி ஓர் ஆண்டுகூட வாழாதவர்! பலெர்மோக்காரர்களையும் சேர்த்துக்கொள் என்றார்.

மார்ச் 28, வெள்ளி

உதவித்தொகை இன்னும் ஓர் ஆண்டு. வாழ்க!

கையெழுத்துப் போட்டதும் எமிலியானா ஹெட்ஃபோனை நீட்டினார். "இத்தனை பேரைக் கேட்க வைத்தாய். நீ எப்போது?" நியாயந்தானே. இந்தப் பாட்டை எத்தனையோ முறை ஓடவிட்டிருக்கிறேன், ஒருமுறையாவது வெறுமனே கேட்டிருக்கிறேனா?

கண்ணை மூடிக் கேட்டேன். வராந்தாவுக்கு வந்து ஃபோனை எடுத்தேன். அம்மாவுக்குத்தான் போடுவேன் என்று நினைத்திருந்தேன். போட்டது வேறு எண்.

"என்ன பிள்ளை, வீட்டுத் திறப்பை விட்டிட்டுப் போட்டியோ?" நகரின் நடுவே பொலிதேயாமாவில், தான் வேலை செய்யும் வீட்டில் இருந்தார் அக்கா. பின்னால், அவர் பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோரா பாட்டியின் டிவி சத்தம்.

"இல்லக்கா. அந்தப் பாட்டக் கேட்டேன். யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு."

டிவி சத்தம் குறைந்தது.

"பொறு, சிஞ்ஞோராவுக்குச் சூப் குடுத்துக்கொண்டிருக்கிறன். ஸ்பீக்கரிலை போடுறன். இப்ப கதை."